காரின் கூரையை வெட்டுமுன்

தீவகத்து வீடுகளில் பழைய காரை விற்றுவிடுவது எளிய காரியம் அன்று. அது பாட்டனார் வாங்கியது, தந்தையார் ஓட்டியது, மணமக்களைக் கோயிலுக்கு ஏற்றிச் சென்றது, நள்ளிரவில் நோயாளியை வைத்துக்கொண்டு பண்ணைத் தாம்போதி வழியே பெரியாஸ்பத்திரிக்கு விரைந்தது. அத்தகைய கார் கொட்டிலில் ஓய்ந்து நிற்பதைக் காணும் வீட்டு இளைஞனுக்கு, “இதன் பின்புறக் கூரையை நீட்டி, பின்னால் ஒரு கதவும் வைத்தால் பொருளும் ஏற்றலாம், பார்வைக்கும் புதுமையாக இருக்கும்” என்ற எண்ணம் எழுவது இயல்பே. பெரியவர்கள் அதைக் கேட்டு நெஞ்சில் கை வைப்பதும் இயல்பே. இருவரில் யார் பக்கம் நியாயம் உண்டு என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

இவ்வகை வண்டிக்கு மேனாட்டார் இட்ட பெயர் ‘ஷூட்டிங் பிரேக்’ என்பது. இங்கே ‘பிரேக்’ என்பது வண்டியை நிறுத்தும் கருவியைக் குறிக்காது. குதிரைவண்டிக் காலத்தில், பழக்கப்படாத இளங்குதிரைகளைப் பூட்டிப் பயிற்றுவதற்கெனப் பாரமான ஒரு வண்டிச் சட்டம் இங்கிலாந்தில் இருந்தது. அதற்கே அப்பெயர். பின்னாளில் அச்சட்டத்தின்மேல் இருக்கைகள் அமைத்து, வேட்டைக்குப் போகும் பிரபுக்கள் துப்பாக்கிகளையும் நாய்களையும் ஏற்றிச் சென்றமையால் ‘வேட்டை பிரேக்’ என்னும் பொருளில் அப்பெயர் நிலைத்தது. ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் சிதைவுகளையும் இன்றும் தன்னிச்சையாய்த் திரியும் மட்டக் குதிரைகளையும் உடைய நெடுந்தீவு மக்களுக்கு இவ்வரலாறு முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

மோட்டார் வண்டி வந்தபின், இரண்டு கதவுகளும் பின்புறம் தாழ்ந்து சரியும் கூரையும் உடைய ‘கூப்பே’ என்னும் அழகு வண்டியை வாங்கியோர் சிலர், பொருள் வைக்க இடம் போதவில்லை என்று குறைப்பட்டனர். சரியும் கூரையைச் சரியவிடாமல் நேராகப் பின்னோக்கி நீட்டி, முடிவில் மேல்நோக்கித் திறக்கும் கதவு ஒன்றை அமைப்பதே அக்குறைக்கு மருந்தாயிற்று. 1960களின் நடுவில், இலண்டனில் ஹரல்ட் ராட்போர்ட் என்பாரின் உடல்கட்டும் தொழிலகம் அஸ்டன் மார்ட்டின் டிபி 5 கார்களுள் பத்துப் பன்னிரண்டை மட்டும் இவ்வாறு மாற்றிக் கொடுத்தது. சுவீடனின் வொல்வோ நிறுவனமோ 1961 முதல் தான் செய்துவந்த பி 1800 கூப்பேயை, 1972-இலும் 1973-இலும் நீண்ட கூரையுடன் ‘1800 ஈஎஸ்’ என வெளியிட்டது. அவை மொத்தம் 8,077. இப்படங்களைப் பார்த்தே நம் இளைஞர்களின் கை துடிக்கிறது.

ஆனால் நம் நாட்டுக்கு இவ்வடிவம் புதியதன்று. 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் காரை இலங்கையில் அறியாதார் இலர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த அக்காருக்கு 1953-இல் ‘ட்ரவலர்’ என்றொரு தம்பி பிறந்தான். முன்பாதி வழக்கமான கார். பின்பாதி ‘ஆஷ்’ என்னும் மரச் சட்டத்தால் கட்டிய கூடு. மடிக்கத்தக்க பின் ஆசனம். பின்னால் பக்கவாட்டில் திறக்கும் இரு கதவுகள். 1971 வரை செய்யப்பட்ட இவ்வண்டியின் மரச் சட்டத்தைப் பலர் அழகுக்கு ஒட்டிய பலகை என்று எண்ணுவர். உண்மையில் வண்டியின் பின்பகுதியைத் தாங்குவதே அம்மரந்தான். மரம் உளுத்தால் வீட்டு வளை உளுத்தது போலாம். வெளியே மினுக்கம் இருந்தும் உள்ளே உறுதி இராது.

மரத்தால் வண்டி கட்டும் கலை யாழ்ப்பாணத்துக்கும் உரியதே. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய ‘தட்டிவான்’களை முதியோர் மறந்திரார். எஞ்சினும் அடிச்சட்டமும் மேனாட்டவை. மேலுள்ள உடலோ ஊர்த் தச்சரின் கைவேலை. பின்புறம் சங்கிலியில் தாழ்த்தி விரிக்கும் தட்டியின்மேல் மரக்கறிக் கடகங்களும் வாழைக்குலைகளும் ஏறும். உள்ளே நெடுக்காக இட்ட பலகைகளில் சனங்கள் அமர்வர். ஆளும் பொருளும் ஒரே கூரையின்கீழ்ப் போதல் என்பதே ஷூட்டிங் பிரேக்கின் தத்துவமாயின், தட்டிவானை அதன் உழைப்பாளி உறவினன் எனலாம். பிரபுவின் வண்டி வேட்டைக்குப் போயிற்று. நம்முடையது சந்தைக்குப் போயிற்று. வேறுபாடு அவ்வளவே.

இவ்விடத்தில் ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தட்டிவானுக்குத் தனியான, உறுதியான அடிச்சட்டம் உண்டு. மேலுள்ள கூட்டை முழுவதும் கழற்றினாலும் அது வளையாது. ஆகவே தச்சர் தம் மனம்போல் உடலைக் கட்டலாம். மொறிஸ் மைனர் காருக்கோ அத்தகைய தனிச் சட்டம் இல்லை. தளம், கதவடிப் பெட்டிச் சட்டம், தூண்கள், கூரை ஆகிய தகடுகள் யாவும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே பெட்டியாய் நின்றே பாரத்தைச் சுமக்கின்றன. கூரை மழைக்கும் வெயிலுக்கும் மட்டும் அமைந்ததன்று. அது வண்டியின் முதுகெலும்பில் ஒரு பங்கு.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதித்து அறியலாம். சப்பாத்துப் பெட்டி ஒன்றை எடுத்து, மூடியை நன்கு ஒட்டி, இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள், விடாது. மூடியை அகற்றி மீண்டும் முறுக்குங்கள், துணிபோல் நெளியும். இனி மூடியை ஒட்டி, ஒரு முனைச் சுவரை மட்டும் வெட்டி எடுத்து முறுக்குங்கள். அப்போதும் நெளிவு தோன்றும். பின்புறத்தில் பெரிய கதவுக்கு வாசல் வெட்டுவது இந்த மூன்றாவது சோதனையே. கூரையற்ற மொறிஸ் மைனரைச் செய்தபோது, அதன் தொழிற்சாலையார் கீழ்ப்புறத்தில் மேலதிக வலுத்தகடுகள் இட்டமைக்கும் காரணம் இதுவே.

எனவே இப்பணியின் முழு நீதியையும் ஒரு வாக்கியத்தில் அடக்கலாம்: வெட்டப் போகும் பகுதி எந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதை அறிந்து, அந்த வேலைக்கு வேறொன்றை அமர்த்திய பின்னரே அதனை வெட்டுதல் வேண்டும்.

நம் தொழிலாளர் இந்நீதியை அறியாதவர் அல்லர். 1990-ஆம் ஆண்டின்பின் போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிய பொருளாயிற்று. அப்போது பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். அக்காலத்து எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு. ஆதலின் தரம் தாழ்ந்த எரிபொருளையும் அவை ஏற்றன. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலை ஊற்றி இயக்கி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இதனை வெறும் துணிச்சல் என்று கொள்ளலாகாது; பெற்றோல் செய்த வேலையை ஆராய்ந்து, அதனைப் பகுத்து, ஒரு பகுதியை மண்ணெண்ணெய்க்கும் ஒரு பகுதியைச் சூட்டுக்கும் ஒப்படைத்த அறிவு அது. அவ்வறிவே கூரை வெட்டுவோருக்கும் வேண்டும்.

இனி எந்தக் காரை வெட்டலாம் என்ற கேள்விக்கு வருவோம். உடல் பழுதின்றி இருக்கும் பழைய காரை வெட்டலாகாது என்பதே என் உறுதியான கருத்து. காரணம் வெறும் பழைமைப் பற்று அன்று. அக்காரைச் செய்த தொழிற்சாலைகள் நின்றுவிட்டன. 1990இலும் அதனை அடுத்தும் தீவக மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தபோது, வீட்டையும் வளவையும் போலவே வண்டிகளையும் விட்டுப் போயினர். அவற்றுள் எஞ்சியவை சிலவே. எஞ்சினைக் கழற்றினால் மீண்டும் பூட்டலாம். பூச்சை மாற்றினால் மீண்டும் பழைய நிறமே பூசலாம். வெட்டிய கூரையோ திரும்பி வராது. மேலும், 2020-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025-இலேயே மீண்டும் தொடங்கியது. அவ்வைந்தாண்டுக் காலம், ஓடும் நிலையிலுள்ள பழைய கார் ஒன்றின் அருமையை எல்லோருக்கும் உணர்த்தியிருக்கும்.

ஆயின், பின்பகுதி ஏற்கெனவே கறள் தின்று தீர்ந்த கார்கள் உண்டு. கடற்காற்று ஓயாத தீவகத்தில் அவை குறைவல்ல. முன்பாதி உறுதியாகவும், டிக்கியும் பின்தகடுகளும் உதிர்ந்தும் நிற்கும் காருக்குப் பழைய பின்புறத்தைத் தேடி அலைவதைவிடப் புதிய பின்புறம் ஒன்றைக் கட்டுவதே உயிர் கொடுப்பதாகும். அத்தகைய காரே இப்பணிக்கு உரியது. அதனை அறிய எளிய வழி உண்டு. ஒரு சிறு சுத்தியலால் கதவடிச் சட்டம், வில்தகடுகள் பொருந்தும் இடங்கள், தளத்தின் விளிம்பு ஆகியவற்றை மெல்லத் தட்டுக. நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். கறள் உண்ட இரும்பு மண்பானை போல் மந்தமாக ஒலிக்கும். இவ்விடங்களே மந்தமாக ஒலிப்பின், கூரையைப் பற்றிய பேச்சை நிறுத்தி, அடித்தளத்தை முதலிற் செப்பனிடுக.

பணியை எடுத்துக்கொண்டோர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கை இங்கே சுருக்கமாய்க் கூறுவேன்.

முதலாவது, வரைதல். வள்ளம் கட்டும் ஓடாவியார் முழு அளவில் வரைந்து பார்ப்பது போல, காரின் பக்கத் தோற்றத்தை வீட்டுச் சுவரில் முழு அளவில் வரைக. புதிய கூரையை மட்டையாலும் மெல்லிய ஒட்டுப்பலகையாலும் செய்து காரின்மேல் வைத்துப் பார்க்க. ஒரு வாரம் போகும் வழியிலும் வரும் வழியிலும் அதனைப் பார்த்தபின்னும் கண்ணுக்கு இசைவாயின் அதனையே அளவாகக் கொள்க. மட்டையில் நேரும் பிழைக்குச் செலவு இல்லை.

இரண்டாவது, தாங்கல். கார் தன் நான்கு சில்லுகளிலும் சமதளத்தில் நிற்க, கதவு வாசல்களுக்குக் குறுக்கேயும் ஒரு பக்கத் தூணிலிருந்து மறுபக்கத் தூணுக்கும் இரும்புச் சட்டங்களைத் தற்காலிகமாக ஒட்டுக. வாசலின் மூலைவிட்டங்களை அளந்து சுவரிலேயே எழுதி வைக்க. வேலையின் ஒவ்வொரு படியிலும் அவ்வளவு மாறாதிருத்தல் வேண்டும். கதவு முன்போலவே இலகுவாய் மூடுகிறதா என்பதும் நல்லதொரு சாட்சி. கதவு உரசத் தொடங்கினால் வண்டி வளையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, பெற்றோல் தாங்கி. மொறிஸ் மைனரில் இது டிக்கியின் தளத்தில், நாம் வேலை செய்யும் இடத்திலேயே உள்ளது. தீப்பொறி பறக்கும் எந்த வேலைக்கும் முன் அதனைக் கழற்றி வேறிடத்தில் வைக்க. “வெறுந்தாங்கிதானே” என்று இருந்துவிடலாகாது. நிறைந்த தாங்கியைவிட வெறுந்தாங்கியே கொடியது. ஏனெனில் அதனுள் நிற்பது பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த வெடிமருந்து.

நான்காவது, கட்டுதல். பழையதை வெட்டுமுன் புதிய எலும்புக்கூட்டை ஆக்கிவிடுக. பின்கதவு வாசலைச் சுற்றி முறிவின்றி ஓடும் இரும்பு வளையம் ஒன்று இன்றியமையாதது. அதனைத் தளத்தோடும், கதவுத் தூண்களின் தலைப்போடும் சட்டங்களால் இணைக்க. இவ்வளையமே சப்பாத்துப் பெட்டியின் வெட்டுண்ட சுவருக்கு ஈடாவது. கூரைத் தகடு மெல்லியதாகையால், ஒரே இடத்தில் தொடர்ந்து வெல்டிங் செய்தால் சூட்டில் நெளிந்து அப்பளம் போலாகும். தூரத் தூரமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, பின் இடைவெளியை நிரப்புக. பக்கக் கண்ணாடிகளைத் தட்டையாக அமைத்தால் செலவு குறையும். உறுதியேற்றிய கண்ணாடியைப் பின்னர் வெட்ட இயலாது; அது பொடிப்பொடியாகும். இரு தகடுகளை ஒட்டிச் செய்த அடுக்குக் கண்ணாடியே அளவுக்கு வெட்டத்தக்கது.

ஐந்தாவது, நிறை. பின்சில்லுகளின் அச்சுக்குப் பின்னால் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் நெம்புகோல் போல முன்புறத்தை மேலே தூக்கும். முன்சில்லு இலேசானால் திருப்பம் பிசகும். விளக்கொளி மரத்தின் உச்சியைக் காட்டும். ஆகவே கூரை இயன்றவரை இலேசாக இருத்தல் வேண்டும். பின்வில்தகடுகள், ரயர்கள், நிறுத்தும் பிரேக்குகள் ஆகியவற்றைப் புதிய பாரத்துக்கு ஏற்பச் சரிபார்த்தல் வேண்டும். இடம் பெருகியது என்பதற்காகச் சீமெந்து மூடைகளை அடுக்கலாகாது. பெட்டி பெரிதாயிற்றே அன்றி எஞ்சின் பெரிதாகவில்லை.

ஆறாவது, பலரும் மறப்பதும் உயிருக்கு உலை வைப்பதும் ஆன புகை. பின்புறம் செங்குத்தாக முடியும் வண்டி ஓடும்போது, அதன் பின்னால் காற்று சுழன்று மீளும். பின்கதவைத் திறந்து வைத்தோ, அதன் ரப்பர் விளிம்பு சரியாகப் பொருந்தாமலோ ஓட்டினால், சைலன்ஸர் குழாயின் புகை உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பின் ஆசனத்தில் குழந்தை தூங்குகிறது என்று எண்ணிக்கொண்டிருப்போம். அது மயக்கமாக இருக்கும். ஆகவே குழாயை உடலின் விளிம்புக்கு வெளியே நீட்டுக. ரப்பர் விளிம்பைப் பழுதற வைக்க. பின்கதவைத் திறந்துகொண்டு ஒருபோதும் ஓட்டாதீர்.

இவ்வளவும் எவ்வூருக்கும் பொது. தீவகத்துக்குச் சிறப்பாக ஒன்று உண்டு, அது உப்பு. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் தரைவழி இல்லை. அங்கே வாகனம் கடல் கடந்தே போதல் வேண்டும். தாம்போதிகளிலோ இரு பக்கமும் கடல். புதிதாய் ஒட்டிய ஒவ்வொரு பொருத்தும் உப்புக்கு ஒரு புதிய வாசல். வெல்டிங் செய்த அன்றே அவ்விடத்தைச் சுரண்டித் துடைத்து, துத்தநாகம் கலந்த முதற்பூச்சை இடுக. மறுநாளைக்கு என்று விட்டால் இரவோடிரவாகச் செம்மை படரும். பெட்டிச் சட்டங்களின் உட்புறத்தில் மெழுகுப் பூச்சைச் செலுத்துக. நீர் தேங்கும் தாழ்ந்த மூலைகளில் சிறு வடிதுளைகள் விடுக. அடியைக் கழுவும்போது உவர்க் கிணற்று நீரைப் பயன்படுத்துவது உப்பை உப்பால் கழுவுவதாகும். மாரியில் சேர்த்த மழைநீர் இருந்தால் அதுவே உத்தமம். மரச் சட்டம் வைப்போர் பலகையின் வெட்டுமுனைகளை முதலில் அடைத்தல் வேண்டும். மரம் நீரைக் குடிப்பது பெரும்பாலும் முனை வழியாகவே. ட்ரவலர் வண்டிகளிலும் நீர் தங்கும் கீழ்ச்சட்டமே முதலில் உளுத்தது.

கடைசியாகச் சட்டம். இலங்கையில் வாகனங்கள் 1951-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்துக்கும் அதன் திருத்தங்களுக்கும் உட்பட்டவை. பதிவில் உள்ள உடல் வகை ஒன்று, தெருவில் ஓடும் உடல் வேறொன்று என்றால் தொல்லை நேரும். விபத்தின் பின் காப்புறுதிக்காரரும் கையை விரிக்கக்கூடும். ஆகவே வாளை எடுக்குமுன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குச் செல்க. எது அனுமதிக்கப்படும், எந்தப் பரிசோதனை வேண்டும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்க. மறுத்துவிடுவார்களாயின், அதனையும் வெட்டுமுன் அறிவதே இலாபம்.

இளைஞனுக்கும் பெரியவர்க்கும் இடையே எழுந்த வழக்கில் என் தீர்ப்பு இதுதான். நல்ல உடம்புள்ள காருக்குப் பெரியவரின் சொல்லே சட்டம். கூரைமேல் ஒரு சாமான் தட்டு வைத்து, பின் ஆசனத்தை மடிக்கும்படி செய்தால் தேவையின் பெரும்பகுதி தீரும், வேண்டாதபோது கழற்றியும் விடலாம். பின்புறம் உதிர்ந்த காருக்கு இளைஞனின் எண்ணமே மருந்து. ஆனால் உடல் வேலையை அறிந்த தகட்டுத் தொழிலாளி ஒருவர் பக்கத்தில் நிற்றல் வேண்டும். வீட்டிலே செய்வது என்றால் தனியே செய்வது என்று பொருளன்று. இரண்டு வழக்கிலும் முதல் வேலை ஒன்றே: ஒரு ஞாயிறு காலையில் பெரியவரும் இளைஞனுமாகக் காரின் கீழே ஒரு பாயை விரித்துப் படுத்து, சுத்தியலால் தட்டி, கணீரென்ற இடத்துக்கு வெள்ளைச் சுண்ணத்தாலும் மந்தமான இடத்துக்குச் சிவப்புச் சுண்ணத்தாலும் அடையாளம் இடுக. பாட்டனாரின் கார் எந்த வழக்கைச் சேர்ந்தது என்பதை அந்த இரு நிறங்களே சொல்லிவிடும்.